பீடி சுற்றும் வீடுகளும் ஓர் அங்கன்வாடியும்: குடியாத்தம் பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டம் குடியாத்தம் வட்டத்தில், நகரிலிருந்து சற்றுத் தள்ளி அமைந்த ஒரு குடியிருப்பின் அங்கன்வாடி மையத்தில், நான்கு வயதைத் தொட்ட பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்திவிடுவதும், தனியார் நர்சரிப் பள்ளியின் வேனில் ஏறிப் போவதும் வழக்கமாகியிருந்தது. பணியாளரும் அவருடைய மேற்பார்வையாளரும் இதற்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: பெற்றோருக்கு ஆங்கில மோகம். அது எவ்வளவு தூரம் சரி என்று பெற்றோரிடமே கேட்டபோது தெரியவந்தவையும், அதன் பிறகு ஒரு கல்வியாண்டுக் காலத்தில் மையத்துக்கும் வீடுகளுக்கும் இடையே ஏற்பட்ட மாற்றங்களும், அவற்றுள் எவை நிலைத்தன, எவை நிலைக்கவில்லை என்பதும் இந்த ஆய்வின் பொருளாகும். குடியிருப்பின் பெயரும் அங்குள்ளவர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. சிறு ஊரில் ஓர் அடையாளம் தெரிந்தாலே ஆள் தெரிந்துவிடும்.

களமும் மக்களும்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. பின்னர் வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானபோது, தோல் தொழிலும் காலணித் தொழிலும் நடக்கும் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரோடு நின்றன. குடியாத்தம் கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற ஊர் என்றாலும், அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுப் பெண்களின் கையில் இருக்கும் வேலை பெரும்பாலும் பீடி சுற்றுவதே. நாம் எடுத்துக்கொண்ட குடியிருப்பில் ஆண்கள் தறியிலும் கட்டட வேலையிலும் இருந்தனர். சிலர் பெங்களூருவில் தங்கி வேலை செய்து, விடுமுறை நாட்களில் மட்டும் ஊருக்கு வந்து போயினர்.

பீடி வேலையின் நாள் எப்படி நகர்கிறது என்பதை அறியாமல் இந்த வீடுகளின் பிள்ளை வளர்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது. கம்பெனியில் இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை ஊறவைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நுனியை மடக்கி, நூல் கட்டி, கட்டுகளாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று கழிக்கப்பட்டவை போக மீதிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி கிடைக்கிறது. வீட்டில் இருந்தபடியே செய்யும் வேலை என்பதால் தாய் நாள் முழுவதும் பிள்ளையோடுதானே இருக்கிறாள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் மடியில் முறத்தோடு உட்கார்ந்தவள் எழுந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்பதால், அவள் பக்கத்திலேயே இருந்தும் பிள்ளைக்குக் கிடைக்காதவளாகவே பகலின் பெரும்பகுதியைக் கழிக்கிறாள். கத்தரிக்கோலும் புகையிலைத் தூளும் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கின்றன. தூளின் நெடியில் பிள்ளை இருமுவதைப் பார்த்துக்கொண்டே அவள் வேலை செய்கிறாள்.

குடியிருப்பில் தமிழ் பேசும் வீடுகளோடு, தக்கனி உருது பேசும் இஸ்லாமியர் வீடுகளும், ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் தெலுங்கு பேசும் சில வீடுகளும் இருந்தன. மையத்தின் பதிவேட்டில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. பெயர், பிறந்த தேதி, எடை, உயரம், வருகை ஆகியவற்றுக்கு மட்டுமே கட்டங்கள் இருந்தன.

சோறு போடும் இடம் என்ற பெயர்

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் நாட்டில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதன் வளர்ச்சியைச் சத்துணவுத் திட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய அத்திட்டம், பள்ளிக்குச் செல்லும் வயதுக்கு முற்பட்ட இரண்டு வயது முதலான கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்தே தொடங்கப்பட்டது. அதன் வழியாகவே குக்கிராமம் வரை குழந்தைகள் மையம் என்ற ஒன்று போய்ச் சேர்ந்தது. இன்று மாநிலத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. கலவை சாதமும் வாரத்துக்கு மூன்று முட்டையும் தரும் இந்த ஏற்பாட்டை எந்த வகையிலும் குறைத்துப் பேசக் கூடாது. இத்தனை சிறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் சூடாகச் சமைத்துப் போடுவது பெரிய சாதனை. எனினும் அந்தச் சாதனையின் நிழலிலேயே மற்றொன்றும் வளர்ந்தது. மையம் என்றால் சோறு போடும் இடம், பள்ளி என்றால் படிக்கும் இடம் என்று பெற்றோர் மனத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

அக்கோட்டை அழிக்க அரசு முயலாமல் இல்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் மாதத்துக்கொரு கருப்பொருளோடு எல்லா மையங்களுக்கும் தரப்பட்டது. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை பெற்றோரைப் பங்காளிகளாகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியது. மாதம் ஒரு நாளை முன்பருவக் கல்வி நாளாக வைத்துப் பெற்றோரை மையத்துக்கு அழைக்கும் முறையும் அதையொட்டி வந்தது. நம் மையத்திலும் அந்த நாள் மாதந்தோறும் நடந்தது. நடந்தது என்பதற்குக் கையெழுத்துகள் இருந்தன.

கேட்டபோது கிடைத்த விடைகள்

ஜூன் மாதத்தில் பணியாளர் ஒரு காரியம் செய்தார். கடந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளையை மையத்திலிருந்து நிறுத்திய வீடுகளுக்குப் போய், திரும்ப அனுப்பச் சொல்லாமல், ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குச் சத்துமாவு பற்றிப் பேசவும் எடை பார்க்கவும் அவர் எப்படியும் போயாக வேண்டும் என்பதால் இதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்க நேரவில்லை. போகும் வீட்டில் மூத்த பிள்ளையைப் பற்றியும் சில நிமிடங்கள் பேசினார். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஆங்கிலம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் முதலில் அதைச் சொன்னவர்கள் குறைவு. ஒரு தாயின் விடை இப்படி இருந்தது: "வேன் காலையில வூட்டாண்ட வந்து தூக்கினு போவுது டீச்சர், சாயந்திரம்தான் கொண்டாந்து வுடுது. உங்ககிட்ட வுட்டா சாப்ட்டுட்டு ஒரு மணிக்கெல்லாம் வந்துடுது. அதுக்கப்புறம் நான் எங்க இலைய வெட்றது?" மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவது அந்த மையத்தில் யாரும் முடிவெடுக்காமலே வந்துவிட்ட பழக்கம். பணியாளர் அதைப் பெற்றோருக்குச் செய்யும் சலுகை என்று நினைத்திருந்தார். பெற்றோர் அதை மையத்தின் விதி என்று நினைத்திருந்தனர். நர்சரிப் பள்ளிக்குக் கட்டும் பணத்துக்காகக் கூடுதலாகச் சுற்றுகிறேன் என்று சொன்ன அதே தாய், கூடுதலாகச் சுற்றுவதற்கான பிற்பகலை அந்தப் பணத்தைக் கொடுத்தே வாங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதாக அடிக்கடி வந்த விடை, பிள்ளை என்ன கற்கிறது என்று தெரியவில்லை என்பது. நர்சரிப் பிள்ளையின் பையில் ஒரு நோட்டு வருகிறது. அதில் வரிவரியாக எழுத்து இருக்கிறது. சிவப்பு மையில் ஒரு சரி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் (பாட்டிக்கும்) அந்தச் சிவப்புக் குறி புரிகிறது. மையத்திலிருந்து வரும் பிள்ளையிடம் இன்று என்ன செய்தாய் என்று கேட்டால் முட்டை சாப்பிட்டேன் என்கிறது. மூன்றரை வயதுப் பிள்ளையின் விரல் எலும்பும் தசையும் பென்சிலுக்கு இன்னும் தயாராகவில்லை என்பதும், மணலில் கோடு இழுப்பதும் களிமண் பிசைவதும் எழுத்துக்கு முந்திய எழுத்துப் பயிற்சி என்பதும் நமக்குத் தெரிந்திருக்கலாம். அதைப் பெற்றோருக்குக் காட்டும் வழி எதையும் மையம் வைத்திருக்கவில்லை. அப்படியிருக்க, பெற்றோரின் முடிவை மோகம் என்று ஒதுக்குவது நியாயமில்லை என்பதே என் கருத்து. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து அவர்கள் சரியாகவே முடிவெடுத்திருந்தனர்.

மூன்றாவது விடை எவரும் நேராகச் சொன்னதன்று. கூட்டப் பதிவேட்டைப் பெற்றோரின் பேச்சோடு வைத்துப் பார்த்தபோது புலப்பட்டது. மாதாந்தரக் கூட்டம் முற்பகல் பதினொரு மணிக்கு நடந்தது. கம்பெனியில் பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வரும் நேரமும் அதுவே. கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பீடி சுற்றாத வீட்டுப் பெண்கள். சில மாதங்களில் கையெழுத்து மட்டும் மறுநாள் வீடு வீடாகச் சென்று வாங்கப்பட்டிருந்தது. மேலும், அழைப்பு எப்போதும் தாய்க்கே போனது. ஆனால் பிள்ளையைக் காலையில் குளிப்பாட்டி, தலை வாரி, மையம் வரை கொண்டுவந்து விடுபவர் பல வீடுகளில் ஆயாவே. ஆயாவை ஒருவரும் கூட்டத்துக்கு அழைத்ததில்லை.

செய்தவை

முதலில் மாற்றப்பட்டது பிற்பகல். சாப்பாட்டுக்குப் பின் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்து, எழுந்ததும் விளையாடவிட்டு, மாலை வரை வைத்துக்கொள்ளத் தொடங்கினர். உதவியாளருக்கு இது கூடுதல் சுமை. பாத்திரம் கழுவும் நேரத்திலேயே தூங்காத பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அவர் முணுமுணுத்ததில் தவறேதும் இல்லை. இரண்டு ஆயாக்கள் தாங்களாகவே பிற்பகலில் வந்து உட்காரத் தொடங்கிய பிறகுதான் அது நடைமுறைக்கு ஒத்துவந்தது. வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள், தட்டாங்கல் ஆடினார்கள், சண்டையைத் தீர்த்தார்கள். அவர்களை யாரும் தன்னார்வலர் என்று அழைக்கவில்லை, பதிவேட்டில் எழுதவும் இல்லை.

கூட்டம் மாலைக்கு மாற்றப்பட்டது, இடமும் மாறியது. மையத்துக்குள் பெஞ்சு போட்டு உட்காரவைப்பதற்குப் பதிலாக, பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பீடி சுற்றும் இரண்டு திண்ணைகளுக்குப் பணியாளரே போனார். கை வேலையை நிறுத்தாமலே அவர்கள் பேசினார்கள். இதைப் பற்றி மேற்பார்வையாளர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பினார்: பீடி சுற்றும் இடத்திலேயே கூட்டம் நடத்துவது அந்த வேலையை ஏற்பதாகாதா என்பது அவர் கேள்வி. குழந்தைத் தொழிலாளர் தடைக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பீடி சுற்றுவதைத் தடைசெய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் வைத்திருந்தது என்பதையும், பெண் பிள்ளைகள் நுனி மடக்கக் கற்றுக்கொள்வது இன்னும் வீடுகளில் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதையும் நினைத்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். பணியாளர் எடுத்த நிலை எனக்குச் சரியாகப் படுகிறது. தாய்மார்களைப் பார்க்கத் திண்ணைக்குப் போவார். ஆனால் பீடி இலையையோ நூலையோ மையத்தின் எந்தச் செயல்பாட்டுக்கும் பொருளாகப் பயன்படுத்த மாட்டார். எண்ணக் கற்பிக்கப் புளியங்கொட்டை இருந்தது, கிழித்து ஒட்ட ஆவாரை இலை இருந்தது.

பிள்ளையின் வேலையைக் கண்ணுக்குத் தெரியவைப்பதற்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை வைக்கப்பட்டது. கிறுக்கல், வண்ணம் தீட்டியது, கிழித்து ஒட்டியது எல்லாவற்றையும் தேதி போட்டு அதில் வைத்தார்கள். மாதக் கூட்டத்தில் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஆகஸ்டில் தாள் முழுக்கச் சுழன்ற கோடு நவம்பரில் மூடிய வட்டமாகி, வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வந்து, அதைப் பிள்ளை "நைனா" என்று சொன்னதைப் பார்த்த தாய்க்கு, வட்டம் மூடுவதற்குக் கை என்ன பாடுபட்டிருக்கும் என்று விளக்கினால் விளங்கியது. பீடியின் நுனியை மடக்கக் கற்ற கைக்குச் சிறு விரல்களின் பழக்கம் எத்தனை நாள் எடுக்கும் என்று தெரியாதா என்ன? சிவப்பு மையின் சரிக் குறிக்கு ஈடாக அந்த உறை நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சுக்கு ஒரு தொடக்கம் கிடைத்தது.

இந்த ஆண்டின் முக்கியமான மாற்றம் என்று நான் கருதுவது, பணியாளர் வைத்திருந்த ஒரு சாதாரண நோட்டு. வீட்டுக்குப் போகும்போது அறிவுரை சொல்வதற்கு முன், பிள்ளையைப் பற்றி வீட்டாரிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்வது என்று அவர் வைத்துக்கொண்டார். வீட்டில் எதை விரும்பி விளையாடுகிறது, யாரோடு தூங்குகிறது, எதற்குப் பயப்படுகிறது, எந்தப் பாட்டைப் பாடுகிறது என்பன போன்ற கேள்விகள். மையம் இதுவரை பெற்றோருக்குச் சொல்லிவந்தது ஏராளம்: எடை இவ்வளவு, கீரை கொடுங்கள், நகம் வெட்டுங்கள், தவறாமல் அனுப்புங்கள். பெற்றோர் மையத்துக்குச் சொல்ல ஏதேனும் இருக்கும் என்ற எண்ணம் இந்த நோட்டுக்கு முன் அங்கே செயலில் இருந்ததில்லை.

அதன் பயன் ஒரு பிள்ளையின் நிலையில் தெளிவாகத் தெரிந்தது. உருது பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை மாதக்கணக்கில் மையத்தில் வாய் திறக்கவில்லை. மதிப்பீட்டு அட்டையில் மொழி வளர்ச்சிக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்ற யோசனையும் எழுந்தது. வீட்டில் கேட்டபோது தாய் திகைத்தார். "வூட்ல வாயே மூடாது டீச்சர், அவங்க நானிகிட்ட நாள் பூரா கத சொல்லும்" என்றார். பணியாளர் நானியிடமிருந்து, அதாவது பாட்டியிடமிருந்து, தண்ணீருக்கும் சோற்றுக்கும் முட்டைக்கும் சிறுநீருக்கும் அவர்கள் சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் "அண்டா ஹோனா?" (முட்டை வேண்டுமா?) என்று அவர் கேட்க, பிள்ளை நிமிர்ந்து பார்த்து "நக்கோ" (வேண்டாம்) என்றது. மையத்தில் அது பேசிய முதல் சொல் மறுப்பாக இருந்தது என்பதில் யாருக்கும் வருத்தமில்லை. பின்னர் நானி சில நாட்கள் காலையில் வந்து உடன் உட்கார்ந்தார். உருதுப் பாட்டு ஒன்றை எல்லாப் பிள்ளைகளும் கற்றனர். ஆண்டு முடிவில் அப்பிள்ளை தமிழில் சிறு வாக்கியங்கள் பேசியது. இதில் குறிக்கத்தக்கது, ஒரு பிள்ளை வளர்ச்சிக் குறைபாடுடையது என்று எழுதப்படுவதற்கும் இருமொழிப் பிள்ளை என்று அறியப்படுவதற்கும் இடையே நின்றது வீட்டாரிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி மட்டுமே என்பது. செவித்திறன் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அதுவும் செய்யப்பட்டது, குறை ஏதும் இல்லை.

உணவிலும் நோட்டு உதவியது. சாப்பிடாத பிள்ளை என்று பெயர் வாங்கிய ஒரு சிறுவன், வீட்டில் அக்காளோடு ஒரே தட்டில் உண்டு பழகியவன் என்று தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளையை உட்காரவைத்ததும் உண்டான்.

தந்தையர் பங்கேற்பு குறைவாகவே இருந்தது. விடுமுறை நாட்களில் ஊருக்கு வரும் ஆண்களை அதே நாட்களில் சந்திக்க மையம் வழி காணவில்லை. ஆனால் தாத்தா ஒருவர் எதிர்பாராமல் பெரிய துணையாக அமைந்தார். வட ஆற்காட்டுப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பதை அறியாதவர் இல்லை. இவர் இளமையில் கூத்துக் கட்டியவர். பகாசுரனுக்கு வண்டி நிறையச் சோறு கொண்டுபோகும் பீமன் அந்தச் சோற்றைத் தானே தின்றுவிடும் கதையை அவர் குரலை ஏற்றி இறக்கிச் சொன்னபோது, மூன்று வயதுப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மறுவாரம் பிள்ளைகளே அதை நடித்தார்கள். எத்தனை கவளம் என்று எண்ணினார்கள். யார் பீமன் என்று சண்டையிட்டு, முறை வைத்துக்கொள்ளக் கற்றார்கள். அச்சிட்ட கதை அட்டைகள் மையத்தில் உண்டு, அவை பயன்படுவன. எனினும் ஊரார் ஒருவர் மையத்துக்குள் வந்து மதிக்கப்படுவதைப் பிள்ளை பார்ப்பதில் வேறொரு கல்வி இருக்கிறது. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்திருந்த பிள்ளைகளை ஜூனில் அதைப் பற்றியே பேசவிட்டதும் இவ்வகைப்பட்டதே. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அழுகையை மறந்து ஊர்வலம் போனார்கள்.

தடங்கல்

ஜனவரியில் பக்கத்துக் குடியிருப்பின் மையத்தில் பணியிடம் காலியானது. அதன் கூடுதல் பொறுப்பும் இந்தப் பணியாளரிடமே வந்தது. வாரத்தில் பாதி நாட்கள் அவர் அங்கே இருந்தார். போஷான் டிராக்கர் செயலியில் இரண்டு மையங்களின் விவரங்களையும் அவரே பதிய வேண்டியிருந்தது. எடை, உயரம், வருகை என நாள்தோறும் செய்தாக வேண்டியவற்றுக்குப் பின் எஞ்சிய நேரம் மிகச் சிறிது. வீட்டுக்குப் போய்க் கேட்பது நின்றது. நோட்டில் ஜனவரிக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக உள்ளன. உறையில் தாள் சேர்ப்பதும் பிப்ரவரியோடு தளர்ந்தது.

நிலைத்தது பிற்பகல் ஏற்பாடு. உதவியாளரும் ஆயாக்களும் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டிருந்தனர். திண்ணைக் கூட்டமும் ஒரு வகையில் தொடர்ந்தது. பணியாளர் வராத மாதத்திலும் பெண்கள் மையத்தைப் பற்றிப் பேசினார்கள், தண்ணீர்த் தொட்டி உடைந்ததை ஊராட்சித் தலைவரிடம் சொல்லிச் சரிசெய்ய வைத்தார்கள். பணியாளர் ஒருவரின் உழைப்பில் நின்றவை அவருடைய நேரம் பறிபோனதும் விழுந்தன. வீட்டார் தம் தேவைக்காகப் பற்றிக்கொண்டவை நிலைத்தன. ஆனால் இதிலிருந்து, எல்லாவற்றையும் பெற்றோரிடம் விட்டுவிடலாம் என்று முடிவு கட்டுவது பெருந்தவறாகும். விழுந்துபோன நோட்டுதான் அந்த உருது பேசும் பிள்ளையைக் கண்டறிந்தது. ஜனவரிக்குப் பின் சேர்ந்த பிள்ளைகளில் அப்படி யாரேனும் இருந்தார்களா என்று சொல்ல இன்று எந்தப் பதிவும் இல்லை.

விளைவையும் அளவோடு சொல்ல வேண்டும். அடுத்த ஜூனில் நான்கு வயதுப் பிள்ளைகளில் சிலர் வேனில் ஏறினர். முந்தைய ஆண்டைவிடக் குறைவானவர்கள். ஒரு மையத்தில் ஓராண்டு கண்டதை வைத்து இதற்கு இதுவே காரணம் என்று அறுதியிட முடியாது. பீடி வேலை குறைந்ததால் கட்டணம் கட்ட முடியவில்லை என்று ஒரு வீட்டார் சொன்னதும் பதிவில் உள்ளது.

வீட்டுக்குப் போகும் நேரம் யாருடையது

முன்பருவக் கல்வியில் ஒரு ரூபாய் போட்டால் பல ரூபாய் திரும்பும் என்று மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் சான்று காட்டுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இப்சிலாண்டியில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பள்ளித் திட்டத்தை. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளை ஆய்வுக்கு எடுத்து, அவர்களில் 58 பேருக்கு முன்பள்ளி தந்து, நடுவயது வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. அந்தப் பேச்சுகளில் விடுபட்டுப்போகும் செய்தி ஒன்றுண்டு. அங்கே வகுப்பு நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரமே. ஆசிரியர்கள் வாரந்தோறும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் சென்று ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் இருந்தார்கள். அது அவர்களுடைய ஊதியத்துக்குட்பட்ட வேலை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87-இல் தொடங்கிய ஆய்விலும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் சென்று, வீட்டில் செய்த பொம்மைகளைக் கொண்டு தாய்க்கு விளையாடக் காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தைகளின் வருமானம் ஒப்பீட்டுக் குழுவைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வேலூரிலேயே, எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வின் ஒரு களமாக, நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகள் பின்தொடரப்பட்டபோது, உணவையும் குடல் தொற்றையும் அளந்ததோடு வீட்டுச் சூழலையும் அளந்தார்கள். வீட்டை அளக்காமல் பிள்ளையின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அந்த ஆய்வின் அமைப்பிலேயே இருந்தது.

நம் பணியாளருக்கும் வீட்டுச் சந்திப்பு கடமைப் பட்டியலில் உண்டு. ஆனால் அது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் உரியதாகவே நடைமுறையில் உள்ளது. மூன்று வயதானதும் பிள்ளை மையத்துக்கு வந்துவிடுவதால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த ஆய்விலிருந்து எழும் பரிந்துரை ஒன்றே: மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்ல வாரத்தில் ஒரு பிற்பகல் பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பிற்பகலில் செயலிப் பதிவு கேட்கப்படக் கூடாது. கூடுதல் பொறுப்பு வந்தாலும் அந்த நேரம் எடுக்கப்படக் கூடாது. பெற்றோர் பங்கேற்புக்கென்று கையேடும் பேனரும் அச்சிடுவதைவிட இது செலவு பிடிக்கும் காரியம். எனினும் இதற்கு மாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெற்றோரின் இடம் குறித்துச் சட்டத்திலும் ஓர் இடைவெளி உள்ளது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது; ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்று 45-ஆவது பிரிவில் எழுதியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்த நாளில் தாய்க்குக் கிடைக்கும் அந்த இடம், அதற்கு முந்தைய மூன்றாண்டு மையத்தில் அதே சட்டத்தால் அவளுக்கு இல்லை. திண்ணைக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்த இரண்டு பெண்களின் பிள்ளைகள் அந்த ஜூனில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்புக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் பிள்ளையின் உறையை எடுத்துச் சென்று தலைமையாசிரியரிடம் கொடுத்தார். மற்றவர், மேலாண்மைக் குழுக் கூட்டத்தை எந்த நேரத்தில் வைக்கிறீர்கள் என்று கேட்டார்.